ஐஸ் பெட்டிக்குள் போன சொல்

எங்கள் வண்டிமேட்டில் பொழுது சாயும் நேரத்துக்கென்று ஒரு வேலை உண்டு. மற்ற ஊர்களில் அந்த நேரத்தில் விளக்குப் போடுவார்கள், கோழியை அடைப்பார்கள், பிள்ளைகளைக் கால் கழுவச் சொல்லி அதட்டுவார்கள். நாங்களும் அதையெல்லாம் செய்வோம், ஆனால் அதற்கெல்லாம் முன்னால், பகலெல்லாம் தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு மேட்டில் ஏறி வரிசையாக நிற்கும் வண்டிகளிலிருந்து ஆளுக்கொரு ஸ்பீக்கரைக் கழற்றி, தூசி தட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்து, அந்தச் சின்ன நீல வெளிச்சம் கண்ணை மூடும்வரை கூடவே நின்று, பிறகு துணிப்பைக்குள் போட்டு, அடுப்புச் சூடும் சுவர் ஈரமும் படாத இடமாகப் பார்த்து வைப்போம். சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவனுக்கு எங்கள் ஊரில் பெண் கொடுக்க யோசிப்பார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால், காசு போட்டு வாங்கின சாமான் அல்லவா என்போம். உண்மையான காரணம் ஞானப்பூ. அவளுடைய சொற்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும்.

ஞானப்பூ யாரென்றால், வெங்காய வண்டி தேவசகாயத்தின் மனைவி. தேவசகாயம் தங்கமான மனிதர், ஆனால் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். அவர் கூவினால் தெருமுனையில் படுத்திருக்கிற நாய்கூடக் காதை அசைக்காது. வியாபாரிகள் எல்லோரும் ஸ்பீக்கர் வாங்கிய வருஷம் அவரும் ஒன்று வாங்கிவந்து அதில் தன் கூப்பாட்டைப் பதிந்து போட்டுப் பார்த்தார். அதே கிணறு, இன்னும் ஆழமாகக் கேட்டது. அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த ஞானப்பூ, "தள்ளுங்க, நான் சொல்லுதேன்" என்று செல்போனை வாங்கி, நாட்டு வெங்காயம், பெரிய வெங்காயம், காய்ஞ்ச வெங்காயம் என்று ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் அதை மெமரி கார்டில் ஏற்றி ஸ்பீக்கருக்குள் சொருகிக்கொண்டார். மறுநாள் மதியத்துக்குள் மூட்டை காலி.

அதே மதியம் ஞானப்பூ பக்கத்து வீட்டு உமையம்மையிடம் ஒரு சாமான் இரவல் கேட்கப் போனாள். (வெங்காய வண்டிக்காரர் வீட்டில் வெங்காயம் இருக்காது, அது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.) போனவள் வாசலில் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"என்ன மைனி வேணும்?"

"அதான்... உரிச்சா கண்ணு எரியுமே, அது."

"வெங்காயமா?"

"அதேதான்."

"அதச் சொல்லுததுக்கு என்ன?"

"சொல்ல வரமாட்டேங்கு. வண்டியோட போயிருக்கு போல."

சாயங்காலம் தேவசகாயம் ஸ்பீக்கரை அணைத்து அலமாரியில் வைத்தார். அடுப்படியில் நின்றவள் தெளிவாக வெங்காயம் என்றாள். அவர் எட்டிப் பார்த்து, "வந்துட்டா?" என்று கேட்டார். "வந்துட்டு" என்றாள். இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

ஏன் அப்படி என்று செல்போன் கடை அமீர் மட்டும் ஒருநாள் பேட்டரி, சிக்னல் என்று என்னவோ விளக்க ஆரம்பித்து, பாதியில் தனக்கே நம்பிக்கை போய் டீ குடிக்கப் போய்விட்டான். எங்களுக்கு அது பெரிய விஷயமாகவும் படவில்லை. காலையில் மாடு மேய்ச்சலுக்குப் போகிறது, சாயங்காலம் தொழுவத்துக்கு வருகிறது. ஒரு சொல் போய்விட்டு வந்தால் என்ன? எங்களுக்கு உறைத்ததெல்லாம், அந்தக் குரல் நுழைகிற தெருவில் சரக்கு நிற்பதில்லை என்பதுதான்.

அப்புறம் கேட்கவா வேண்டும். உப்பு வண்டி யோவான் வந்தான், விளக்குமாறு விற்கிற உமையம்மையே வந்தாள், தேங்காய், பிளாஸ்டிக் குடம், கோலப்பொடி என்று மேட்டிலுள்ள அத்தனை பேரும் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார்கள். ஞானப்பூ யாரையும் திருப்பி அனுப்பவில்லை. "பகல்ல உப்புன்னு சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது? கைய நீட்டிக் காட்டுனா எடுத்துக் குடுக்க ஆள் இருக்கு. பொழுது அடைய ஒழுங்கா அணைச்சு வச்சிருங்க, அது போதும்" என்பாள். பகலில் அவளிடம் பேசுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது மாதிரி. ஒரு வாக்கியத்துக்குள் நாலைந்து சொல் காணாமல் போயிருக்கும். நாங்கள் பழகிவிட்டோம். அவள் நிறுத்தினால் நாங்கள் நிரப்புவோம். சின்னப் பிள்ளைகள்கூட அவள் முகத்தைப் பார்த்தே, "கோலப்பொடியா பெரியம்மா?" என்று எடுத்துக் கொடுத்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிக்கிற முறை அவளுடையது. கணீரென்று வாசித்துக்கொண்டே வந்தவள் ஒரு வசனத்தின் நடுவில் நின்றுவிட்டாள். சபைப் போதகர் ஐயர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். சபை முழுக்கத் திரும்பி யோவானைப் பார்த்தது. அவன் முகம் வெளிறி, பெஞ்சைத் தாண்டிக் குதித்து, வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த வண்டிக்கு ஓடினான். அவன் போய் அணைத்ததும் ஞானப்பூ "உப்பாயிருக்கிறீர்கள்" என்று எடுத்து, ஒன்றும் நடக்காததுபோல மேலே வாசித்தாள். அன்றிலிருந்து ஓய்வுநாளில் எந்த வண்டியிலும் ஸ்பீக்கர் தொங்கக் கூடாதென்று சபையார் தீர்மானம் போட்டார்கள். கோயிலுக்கு வராதவர்களும் அதைக் கடைப்பிடித்தார்கள்.

எப்படி வைப்பது என்பதில் மட்டும் ஒரு சண்டை தீரவே இல்லை. ரொம்ப நாள் எடுக்காமல் வைக்கப்போகிற ஸ்பீக்கரைப் பாதி சார்ஜில் வைப்பதுதான் நல்லது, முழுக்க ஏற்றியும் வைக்கக் கூடாது, ஒட்ட வடியவிட்டும் வைக்கக் கூடாது என்று அமீர் சொல்லியிருந்தான். இதை எங்கள் பெண்களால் ஜீரணிக்க முடியவில்லை. அரிசிப் பானை அடி தெரியக் கூடாது, உப்புச் சாடி குறையக் கூடாது, குடத்தில் பாதித் தண்ணீர் நிற்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். "வீட்டுல ஒரு சாமான அரையும் குறையுமாவா வைப்பாக? வெளங்குமா?" என்று உமையம்மை கையை விரித்தாள். ஆகவே அமீர் பேச்சைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் முழுக்க ஏற்றி வைப்பதுதான் மேட்டு வழக்கமாக இருந்தது. தினமும் எடுக்கிற ஸ்பீக்கருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. தினமும் எடுக்காத ஸ்பீக்கர் மேட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது ஐஸ் வண்டி மாசானத்துடையது.

மாசானம் பங்குனி பிறந்தால் குச்சி ஐஸ், சேமியா ஐஸ் என்று சைக்கிளில் பெட்டி கட்டிக் கிளம்புவான். ஐப்பசி மழை விழுந்தால் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, கேரளத்தில் ஏதாவது புரோட்டாக் கடையில் மாவு பிசையப் போய்விடுவான். அவன் வந்து கேட்டபோது ஞானப்பூ, "ஐஸுக்கு என்னப்பா சொல்ல?" என்றாள்.

"வெலயெல்லாம் வேண்டாங்கா. பிள்ளைய ஓடிவரணும். ஒங்க பிள்ளைய எப்பிடிக் கூப்பிடுவீயளோ, அப்பிடிக் கூப்பிடுங்க, போதும்."

அவள் யோசிக்கக்கூட இல்லை. "ஏ சிட்டு, ஓடியா... ஏ சிட்டு, ஓடியா..." என்று இரண்டு முறை கூப்பிட்டாள். பின்வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவள் மகள், "என்னம்மா?" என்று ஓடிவந்து நின்றாள்.

அந்த மகள்தான் ஜெபக்கனி. ஆனால் ஜெபக்கனி என்பது பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கார்டுக்கும். பிறந்த அன்றைக்கு, கைக்குள் அடங்கிக் கிடந்ததைப் பார்த்து ஞானப்பூ சிட்டு என்றாள். அதற்கப்புறம் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லை ஐஸ் வண்டியில் ஏற்றி அனுப்பியதில் மகளுக்கு வருத்தமும் இல்லை. அவள் அப்போது டவுனில் லேப் டெக்னீஷியன் படித்துக்கொண்டிருந்தாள். அவள் காலேஜ் பஸ் வந்து சேர்வதற்குள் மாசானம் வண்டியும் வந்துவிடும், ஸ்பீக்கரும் அணைந்துவிடும், அம்மா வாசலில் நின்று "சிட்டு, வந்துட்டியா" என்பாள். பகலில் ஊர்ப் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் எனக்கு என்று சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பாளாம். அந்தக் குரல் நுழைந்த தெருக்களில் பிள்ளைகள் வந்த வேகத்தை இப்போதும் சொல்வார்கள். எழுதிக்கொண்டிருந்தது, அழுதுகொண்டிருந்தது, பாதிக் குளியலில் இருந்தது எல்லாம் ஓடிவந்து, எதற்கு ஓடிவந்தோம் என்று ஒரு நொடி முழித்து, ஐஸைப் பார்த்த பிறகுதான் அது வேண்டுமென்று அழ ஆரம்பிக்குமாம்.

படிப்பு முடிந்த கோடையில் ஞானப்பூ தன் தம்பி மகனுக்கு அவளைப் பேசி முடிக்க நினைத்தாள். நினைத்தாள் என்ன, பேசியே முடித்துவிட்டாள், மகளிடம் கேட்கவில்லை. தம்பி வீட்டார் பழத்தட்டோடு வரவேண்டிய நாள், நல்ல உச்சிவேளை, மகள் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றாள். அந்த நேரத்தில் மாசானம் எங்கோ மூன்று தெரு தள்ளிச் சுற்றிக்கொண்டிருந்தான்; அவன் ஸ்பீக்கர் சத்தம் மெல்லியதாகக் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஞானப்பூ வாசலில் வந்து நின்று, "ஜெபக்கனி" என்றாள். "ஜெபக்கனி, இந்தப் படிய விட்டு எறங்குனா திரும்ப ஏறாத." மேடே கேட்டது. மகள் இறங்கிப் போய்விட்டாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டது கோபத்திலா, அந்தச் சொல் அப்போது கையில் இல்லாததாலா என்று எங்களுக்குள் வெகுநாள் பேசிக்கொண்டோம். ஞானப்பூவிடம் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

அதற்கப்புறம் அப்பாவுக்கு மட்டும் போன் வரும். அம்மா எப்படி இருக்கிறாள் என்று மகள் கேட்பாள், மகள் எப்படி இருக்கிறாள் என்று ஞானப்பூ கேட்பாள், தேவசகாயம் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பதில் சொல்லுவார். கோடை போயிற்று, ஆடிக் காற்று போயிற்று, ஐப்பசி மழை பிடித்தது. மாசானம் வண்டிக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டுக் கேரளத்துக்கு பஸ் ஏறினான். அந்த முறை சொல் வீடு திரும்பவில்லை. அதை ஞானப்பூ உட்பட ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்க வழியும் இல்லை. அந்தச் சொல்லுக்கு வீட்டில் வேலை இருந்தால்தானே.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் போன் வந்தது. நாங்கள் சிலர் மழைக்கு ஒதுங்கி தேவசகாயம் வீட்டுக் கூரைக்குக் கீழே நின்றிருந்தோம். "அம்மாட்ட குடுங்கப்பா" என்ற குரல் எங்களுக்கே கேட்டது. ஞானப்பூ கையை முந்தானையில் இரண்டு தரம் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள்.

"அம்மா, அன்னைக்கு நீ என்னயப் பேரு சொல்லிக் கூப்பிட்ட. வண்டி வெளிய சுத்திக்கிட்டிருந்துச்சு, சொல்லு ஒங்கிட்ட இல்லன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். இப்ப மழக்காலம். மாசானம் மாமா வண்டி ஓடாது. சொல்லு ஒங்கிட்டதான் இருக்கும். ஒரே ஒருக்கா கூப்பிடும்மா. கிறிஸ்மஸுக்கு வாரேன்."

ஞானப்பூ வாயைத் திறந்தாள். அந்த முகத்தை நாங்கள் மறக்க மாட்டோம். உப்பு வராதபோதும் வெங்காயம் வராதபோதும் அவள் லேசாகச் சிரித்துக்கொண்டு கையை ஆட்டுவாள். இப்போது, இருட்டில் பழக்கப்பட்ட படியில் காலை வைத்து, படி அங்கே இல்லாதவளைப்போல் நின்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்தப் பக்கம் மகள் காத்திருந்தாள். கடைசியில், ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்ற பதற்றத்தில், "ஜெபக்கனி" என்று வந்தது.

"சரிம்மா" என்றாள் மகள். போன் அணைந்துவிட்டது.

தேவசகாயம் திரும்பக் கூப்பிட்டு, சொல் எங்கோ மாட்டிக்கொண்டுவிட்டது என்று விளக்கினார். "நீங்க எப்பவும் அம்மாவுக்குத்தாம்பா பேசுவீய" என்றாள். அதற்குப் பிறகு அவருடைய போனையும் எடுக்கவில்லை. ஞானப்பூ அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். உமையம்மை பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே, மாசானத்தின் ஏழு தலைமுறையையும் விசாரித்தாள்.

மழையோடு மழையாகத் தார்ப்பாயை விலக்கினோம். வண்டியில் ஸ்பீக்கர் இல்லை. மாசானத்துக்குப் போன் போட்டு யோவான் சத்தம் போட்டான்.

"பத்திரமாத்தானவே வச்சிருக்கேன்" என்றான் மாசானம். "ஐஸ் பெட்டிக்குள்ள பாரும்."

"ஐஸ் பெட்டிக்குள்ள ஏம்வே வச்சீரு?"

"வாங்குன அட்டையில போட்டிருந்துச்சே, குளிர்ச்சியான எடத்துல வைக்கணும்னு. நம்ம மேட்டுல அத விடக் குளிர்ச்சியான எடம் ஏது?"

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. பெட்டியைத் திறந்தோம். அடியில், ஐஸ் கரையாமல் இருக்கப் போட்ட உப்பு தண்ணீராய்த் தேங்கியிருந்தது. அதற்குள் ஈரச்சாக்கில் பிள்ளையைச் சுற்றுவதுபோல் அக்கறையாகச் சுற்றி, அந்த ஸ்பீக்கர் குப்புறக் கிடந்தது. வலைக்கம்பியெல்லாம் துருவும் பச்சைக் களிம்பும். போகிற அவசரத்தில் அதை முழுக்க சார்ஜ் ஏற்றி, சத்தத்தை மட்டும் குறைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அது கண் சிமிட்டிச் சிமிட்டி, ஒட்ட வடிந்து, உப்புத் தண்ணீரைக் குடித்துச் செத்துக் கிடந்தது. முறைப்படி அணைக்காததால் சொல்லும் வெளியே வர வழியில்லாமல் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அந்தக் குப்புறக் கிடப்பைப் பார்த்ததும் உமையம்மைகூடத் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

மாசானம் அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டான். மாவு காயாத கையோடு வந்து ஞானப்பூ வீட்டு வாசலில், படி ஏறாமல், மழையில் நின்றான். "அக்கா, எனக்குத் தெரியாமப் போச்சுக்கா" என்றான். அவள் ஒரு துண்டை எடுத்து அவன் தலையில் போட்டு, "உள்ள வந்து தொவட்டு. நீ காய்ச்சல்ல படுத்தா அத யாரு சரிபண்ணுவா?" என்றாள்.

அமீர் அதைப் பிரித்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் களிம்பைச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். "இப்ப சார்ஜ் போட்டா அவ்வளவுதான். நல்லாக் காயட்டும். வெயில்ல வேண்டாம், அடுப்புக்கிட்டயும் வேண்டாம், காத்தாட இருக்கட்டும்" என்றான். கார்த்திகை மழையில் காற்றாடக் காயவைப்பது எளிதான காரியமா? எந்த வீடு ஒழுகவில்லையோ அந்த வீட்டில் வைத்தோம். அங்கே ஒழுக ஆரம்பித்தால் அடுத்த வீட்டுக்கு மாற்றினோம். ஆள் மாற்றி ஆள் விசிறினோம். உமையம்மை தன் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து அதற்குள் புதைத்தாள். அமீர் சிரித்து, "அரிசியெல்லாம் நம்ம மனசுக்குத்தான் அத்தை" என்றான். "மனசுக்குத்தாம்ல செய்யுதோம்" என்றாள் அவள்.

அத்தனை நாளும் மேட்டில் ஒருவர்கூட ஸ்பீக்கர் போடவில்லை. யார் சொல்லியும் அல்ல. அவளிடம் இல்லாதது அந்த ஒன்று மட்டுமாக இருக்கட்டும், மற்றதெல்லாம் அவளோடு வீட்டில் கிடக்கட்டும் என்று அவரவருக்கே தோன்றியது. அணைத்து, துடைத்து, பைக்குள் போட்டு வைத்துவிட்டு, சொந்தத் தொண்டையோடு தெருவில் இறங்கினோம். யோவானுக்கு இரண்டாம் நாளே தொண்டை கட்டிவிட்டது. தேவசகாயம் கிணற்றுக்குள்ளிருந்து வெங்காயம் விற்றார். பாவம் பார்த்து வாங்கினார்கள். ஞானப்பூவிடம் இப்போது பகலில் எல்லாச் சொற்களும் இருந்தன, உப்பு, தேங்காய், கோலப்பொடி, குடம் எல்லாம் இருந்தன, ஆனால் அவள் எதையும் எடுத்துப் பேசவில்லை.

ஒருவழியாக அமீர் சார்ஜ் போட்டான். வெளிச்சம் வந்தது. பாதி ஏறியதும் ஒயரைப் பிடுங்கப் போனவனின் கையை உமையம்மை பிடித்துக்கொண்டாள். "நெறையட்டும்ல. கிறிஸ்மஸ் நேரத்துல பாதியா நிக்கக் கூடாது."

"பாதி போதும் உமையம்மை" என்றாள் ஞானப்பூ. "முட்ட முட்ட நெறச்சு வச்சா அதுக்கு அசைய எடம் வேண்டாமா?"

உமையம்மை கையை எடுத்துவிட்டாள். மாசானம் பொத்தானை அமுக்கினான். கரகரவென்று இழுத்துவிட்டு, துருவுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. ஏ சிட்டு, ஓடியா. தெருவில் இருந்த பிள்ளைகளெல்லாம் மழையில் நனைந்து ஓடிவந்து வாசலில் நின்றன. மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, போனப் போடுங்க. இத அவ காதுகிட்ட வச்சிருவோம். ஒங்க கொரல்தான இது" என்றான்.

"வேண்டாம் மாசானம். இது ஐஸ் வாங்கக் கூப்பிட்ட கூப்பாடு. எம்மவள நான் கூப்பிடணும்."

ஆகவே முறைப்படி வைத்தோம். பொத்தானை அழுத்திப் பிடித்து, நீல வெளிச்சம் மூடும்வரை மேடு முழுக்க மூச்சு விடாமல் நின்று பார்த்தது. வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி, துணிப்பைக்குள் போட்டு, ஞானப்பூ அதைத் தன் வீட்டுக்குள் கொண்டுபோய், மகளின் துணி அலமாரியில், அவள் விட்டுப்போன பருத்திச் சுடிதார்களுக்கு நடுவில் வைத்துக் கதவைச் சாத்தினாள். சொல் அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. துருப்பிடித்த காலோடு மெதுவாகத்தான் வரும் என்றான் யோவான், கட்டின தொண்டையால்.

கிறிஸ்மஸ் நெருங்கி, வீடுகளில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஞானப்பூ குடத்தை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தேவசகாயம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வந்துட்டா?" என்றார். தலையை ஆட்டினாள். போன் போட்டுக் காதில் கொடுத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பப் போட்டார். எடுக்கவில்லை. அவள் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பையில் மாற்றுப் புடவையும் ஒரு டப்பா முறுக்கும் எடுத்து வைத்தாள். பஸ் ஏற்றிவிட மேடே போனது. "கார்டுல இருந்து அத அழிச்சிட்டேங்கா. அடுத்த பங்குனிக்கு நானே கூவிக்கிடுதேன்" என்றான் மாசானம். அவள் அவன் கன்னத்தைத் தட்டினாள். வாயை மட்டும் திறக்கவில்லை. டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் தேவசகாயம் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை நீட்டினாள், பக்கத்தில் உட்கார்ந்த பெண் குசலம் விசாரித்ததற்குச் சிரித்தாள், தாகம் எடுத்தபோது உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் அது வழியில் எங்காவது இறங்கிவிடுமோ என்று பயம்.

கோயம்புத்தூரில் அந்த லேடீஸ் ஹாஸ்டல் நாலு மாடி. வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார், என்ன உறவு என்று கேட்டார், ஊமையோ என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அவள் கேட்டுக்குள் ஓரடி வைத்து, மேலே அத்தனை ஜன்னல்களையும் ஒருதரம் பார்த்து, கூப்பிட்டாள்.

"ஏ சிட்டு, ஓடியா."

அத்தனை ஜன்னல்களிலும் தலைகள் வந்தன. பிறகு படிக்கட்டு அதிர்ந்தது. தருமபுரிப் பெண், சிவகங்கைப் பெண், ஊர் பேர் தெரியாத பெண்கள், கையில் சோப்பு நுரையோடு ஒருத்தி, வாயில் பிரஷ்ஷோடு ஒருத்தி, தலையில் ஈரத்துண்டோடு ஒருத்தி, எல்லோரும் தடதடவென்று ஓடிவந்து முற்றத்தில் நின்று, எதற்கு ஓடிவந்தோம் என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மூன்று பேர் அழுதுகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் பின்னால், கடைசியாக, மெதுவாகப் படியிறங்கி, ஜெபக்கனி வந்தாள். ஓடி வரவில்லை. வந்து நாலடி தள்ளி நின்றுகொண்டாள்.

"அப்பா சொன்னது நெசமா?"

"ஆமா. ஐஸ் பெட்டிக்குள்ள, உப்புத் தண்ணியில கெடந்துட்டு."

"கரகரன்னு இருக்கு."

"இனிமே அப்பிடித்தான் இருக்கும்." ஞானப்பூ பையை மறு தோளுக்கு மாற்றினாள். "அன்னைக்கு அது எங்கிட்ட இருந்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அவ்வளவு கோவம் எனக்கு. அதையும் ஒங்கிட்ட சொல்லிரணும்னுதான் பஸ் ஏறுனேன். மாமன் வீட்டுப் பேச்சு இனி நம்ம வீட்டுல கெடையாது."

ஓடிவந்த பெண்கள் ஒவ்வொருவராகப் படியேற ஆரம்பித்திருந்தார்கள்.

"இன்னொருக்கா கூப்பிடு" என்றாள் மகள்.

"இந்தா, முன்னாலதான நிக்க."

"கூப்பிடும்மா."

ஞானப்பூ கூப்பிட்டாள். படியேறிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் இருந்தது நாலடி தூரம்தான். அந்த நாலடியையும் சிட்டு ஓடித்தான் வந்தாள்.